அந்தப் படத்துச் சூசன்னாவும் நம்ம ஊர் இசக்கியும் ஒருத்திதானா?

நீங்கள் எழுதியதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. '7 கூன் மாஃப்' என்ற இந்திப் படத்தை வீட்டில் போட்டிருந்தபோது உடன் இருந்து பார்த்த உங்கள் ஆச்சி, "இது நம்ம இசக்கி கதையில்லா மக்ளே" என்று சொன்னாராம். அப்படியானால் அந்தப் படம் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டிலிருந்து எடுத்ததா என்பது முதல் கேள்வி. கடைசியில் போகிறபோக்கில் இன்னொன்று கேட்டிருந்தீர்கள்: அன்பைத் தேடி அலைந்து ஆளைக் கொல்கிறவளைப் படத்தில் பார்த்தால் பயப்படுகிறோம், இசக்கியம்மன் கோயில் இருக்கிற முப்பந்தலில் பார்த்தால் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறோமே, ஏன்? உங்களை உறுத்துவது இந்த இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். முதலாவதற்குப் பதில் சின்னது. இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நான் நாட்டார் வழக்காறு படித்தவன். அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டாரத்துக் கொடைகளில், அதாவது ஊர்க்கோயில் விழாக்களில், வில்லுப்பாட்டு கேட்டும் பதிவு செய்தும் வருகிறவன். சினிமா என் துறை இல்லை. படத்தைக் கதைப்பாட்டு கேட்கிற காதோடுதான் பார்த்தேன்.

முதல் கேள்விக்கு: இல்லை. 2011-இல் வந்த அந்தப் படத்தின் மூலம் ரஸ்கின் பாண்ட் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சிறுகதை. இயக்குநர் விஷால் பரத்வாஜ் கேட்டுக்கொண்டதால் பாண்ட் அதைக் குறுநாவலாக விரித்துக் கொடுத்தார், அதிலிருந்து திரைக்கதை வந்தது. இது தெரிந்த விஷயம், சந்தேகத்துக்கு இடமில்லை. படத்தில் புதுச்சேரி வருகிறது என்பதைத் தவிர அதற்குத் தமிழ்நாட்டோடு ஒட்டு இல்லை. ஆனாலும் உங்கள் ஆச்சி சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். இசக்கி கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அந்தப் படத்தில் ஏதோ ஒன்று பழகிய முகமாகத் தெரிந்திருக்கிறது. அது என்ன என்று பார்ப்போம்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. சூசன்னா என்ற ஆங்கிலோ இந்தியப் பெண், செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, அப்பா இல்லை. அன்பான ஒரு ஆணுக்காக ஏங்குகிறாள். பிரியங்கா சோப்ரா நடித்திருக்கிறார். முதல் கணவன் ஒரு கால் இழந்த ராணுவ மேஜர், பொறாமை பிடித்தவன், குதிரைக்காரப் பையனின் கண்ணைக் கெடுக்கிற அளவுக்குக் கொடுமைக்காரன். இரண்டாமவன் போதைக்கு அடிமையான பாடகன். மூன்றாமவன் பகலில் மென்மையான உருதுக் கவிஞன், இரவில் படுக்கையில் அடிக்கிறவன். நான்காமவன் ரஷ்யன், வேறொரு குடும்பம் வைத்திருக்கிறவன். ஐந்தாமவன், அவளைக் காப்பாற்றியதற்கு விலையாக அவளையே கேட்கிற காவல் அதிகாரி. ஆறாமவன் சொத்துக்காக அவளுக்கே விஷம் வைக்கப் பார்க்கிற வைத்தியர். ஒவ்வொருவனும் சாகிறான். வேட்டைக்குப் போன இடத்தில் ஒருவன், போதை மருந்தால் ஒருவன், காஷ்மீரப் பனியில் புதைந்து ஒருவன், பாம்பால் ஒருவன் என்று. வீட்டு வேலைக்காரர்கள் அவளுக்குத் துணை. ஏழாவதாக அவள் கிறிஸ்துவையே கணவராக ஏற்று மடத்துக்குள் போகிறாள். ஏழு கணவர்கள், ஆறு சாவுகள்.

இனி இசக்கி. நம் பக்கத்து வில்லுப்பாட்டில் இந்தக் கதை இரண்டு பிறவியாக நடக்கிறது. முதல் பிறவியில் அவள் பழகைநல்லூர்க் கோயிலைச் சேர்ந்த தேவதாசியின் மகள். அந்தக் கோயில் பூசாரி வீட்டுப் பிராமணன் அவள்மேல் மயங்கி, இருப்பதையெல்லாம் அவள் வீட்டில் கொட்டுகிறான். கை வெறுமையானதும் தாய்க்காரி அவனை விரட்டிவிடுகிறாள். மகளுக்கு அது பொறுக்கவில்லை. நகையும் உடையுமாக அவன் பின்னாலேயே காட்டுவழி போகிறாள். களைத்துப்போய்க் கள்ளிச்செடி ஓரத்தில் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவன் கண் அவள் கழுத்து நகையில் நிற்கிறது. தலையை மெல்ல மடியிலிருந்து இறக்கி, மண்ணைக் குவித்து அதில் சாய்த்துவைத்து, கல்லைத் தூக்கிப் போடுகிறான். சாகும்போது அவள், யாருமில்லாத காட்டில் கள்ளியே, நீ சாட்சி என்கிறாள். தேடிவந்த அண்ணன் தங்கையின் உடலைப் பார்த்து அங்கேயே உயிர் விடுகிறான். நகை மூட்டையோடு போனவன் தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் பாம்பு கடித்துச் சாகிறான்.

வில்லுப்பாட்டுப் பாடுகிற புலவர் இந்த இடத்தைப் பாடுவதைக் கேட்க வேண்டும். மண்ணைக் குவித்துத் தலையணையாக்குகிற அந்த ஒரு செயலுக்கு வில்லின் வேகம் தணியும், குடத்தின் தட்டு நிற்கும், உடுக்கை மட்டும் இருக்கும். கொல்லப்போகிற கை, அவள் விழித்துவிடக் கூடாதே என்று எவ்வளவு பதமாக நடந்துகொள்கிறது பாருங்கள். அந்தப் பதம்தான் கூட்டத்தில் இருக்கிற பெண்களை அழவைக்கிறது. கல் விழுகிற இடத்தில் யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

இரண்டாம் பிறவியில் அண்ணனும் தங்கையும் சோழ அரசன் வீட்டில் நீலன், நீலி என்று இரட்டைப் பிள்ளைகளாகப் பிறக்கிறார்கள். இரவில் ஆடுமாடுகளைத் தின்கிறார்கள் என்று தெரிந்து காட்டில் கொண்டுவிடப்படுகிறார்கள். கொன்றவன் ஆனந்தன் செட்டி என்ற வணிகனாகப் பிறந்து அந்த வழியே வருகிறான். நீலி கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனைத் தன் கணவன் என்று ஊர்ச்சபையில் முறையிடுகிறாள். குழந்தை 'அப்பா' என்று அவன் மடியில் ஏறுகிறது. பிறகு என்ன? ஊரார் இருவரையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம்.

திருவாலங்காட்டுப் பழையனூரில் சொல்லப்படும் வடக்கத்திக் கதையில் பெயர்களும் முற்பிறவிக் கதையும் மாறும். அங்கே அவன் காஞ்சிபுரத்துப் பிராமணன், முதல் மனைவி இருப்பதை மறைத்துக் காசியில் இரண்டாம் கல்யாணம் செய்தவன். அதில் சபைக்காட்சி இன்னும் அழுத்தமாக இருக்கிறது. மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவன் தன் காவலுக்கு வைத்திருக்கும் மந்திர வாளை, 'இதால் என்னைக் கொன்றுவிடுவார்' என்று நீலி அழுது வாங்கிவிடச் செய்கிறாள். 'உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம்' என்று எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். அவன் செத்ததும் எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். 'நீலிக் கண்ணீர்' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது இந்தச் சபையில் வடித்த கண்ணீர்தான்.

ஆச்சிக்கு அடையாளம் தெரிந்தது எது என்று இப்போது ஓரளவு புரிகிறது. மணவறைக்குள் போகிறவன் பிணமாக வெளியே வருகிறான், கொன்றவள்மேல் நமக்குக் கோபம் வரவில்லை. இந்த அளவுக்கு இரண்டும் ஒன்றுதான். இதற்குமேல் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. சூசன்னா கொல்லப்பட்டவள் இல்லை. அவளுக்கு ஒவ்வொரு கல்யாணமும் புதுக்கணக்கு. முந்தினவன் செய்ததற்கு அடுத்தவன்மேல் அவளுக்குப் பகை கிடையாது, மறுபடியும் நம்பித்தான் கழுத்தை நீட்டுகிறாள். அவள் தேடுவது அன்பு, கிடைக்காதபோது ஆளை அகற்றுகிறாள். நீலி அன்பைத் தேடவில்லை. அந்தத் தேடல் முதல் பிறவியில் மண்குவியலில் தலை சாய்த்தபோதே முடிந்துவிட்டது. இரண்டாம் பிறவியில் அவள் 'இவன் என் கணவன்' என்று சொல்வது காதல் மொழி இல்லை, வழக்கு. அவளுக்கு வேண்டியது தீர்ப்பு. சாட்சியாகக் கள்ளியையே பிள்ளையாக்கிக் கொண்டுவந்து நிறுத்துகிறாள். காட்டில் பார்த்த ஒரே சாட்சி அதுதானே.

இன்னொன்றும் உண்டு. படத்தில் ஊர் இல்லை. வேலைக்காரர்கள் உதவுகிறார்கள், போலீஸ் வந்து போகிறது, அவ்வளவுதான். நம் கதையில் ஊர் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. தாலி கட்டியவள், கையில் பிள்ளை, கண்ணில் நீர் என்று வெளியடையாளத்தை மட்டும் பார்த்து, பயந்து நடுங்குகிற ஒருவனை அறைக்குள் தள்ளுகிறது. 'புருசன் பெண்டாட்டி சண்டை, ஒரு ராத்திரி போனால் சரியாகிவிடும்' என்கிற அந்தப் பேச்சை நாம் கேட்டதே இல்லையா? பெரும்பாலும் அறைக்குள் தள்ளப்படுவது பெண். கதை அதைத் திருப்பிப் போட்டிருக்கிறது. என் வாசிப்பில் இந்தக் கதையின் முள் இங்கேதான் இருக்கிறது. இது என் கருத்து, எல்லா ஆய்வாளரும் ஒப்புக்கொண்டதாக நினைக்க வேண்டாம்.

இனி, இந்தக் கதையில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன், இணையத்தில் எல்லாம் ஒரே வரியில் கலந்து கிடக்கிறது. கதையின் கரு பழையது என்பது உறுதி. 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில், 'வஞ்சப்படுத்து ஒருத்தி வாணாள் கொள்ளும் வகைகேட்டு அஞ்சும் பழையனூர் ஆலங்காட்டு எம் அடிகளே' என்று பாடியிருக்கிறார். ஒரு பெண் வஞ்சனையால் உயிர் வாங்கிய செய்தி அப்போதே பழையனூரோடு ஒட்டியிருந்தது. சமணர்கள் அதே நீலியைத் தங்கள் நெறிக்கு மாறியவளாக்கி 'நீலகேசி' என்ற காப்பியமே செய்தார்கள், அதுவும் உறுதி. ஆனால் எந்தச் சோழன், எந்த ஆண்டு, ஆனந்தன் செட்டி எந்த வீட்டுக்காரன் என்று தேடிப் போகாதீர்கள். கதைப்பாட்டில் சோழன் என்றால் 'ஒரு பெரிய அரசன்' என்று மட்டுமே பொருள். பாடுகிறவருக்குத் தக்கபடி பெயர்கள் மாறுவதும் சகஜம்.

பாதி உறுதியான ஒன்று உண்டு. இசக்கி என்பவள் பழைய இயக்கி, அதாவது யட்சி. சிலப்பதிகாரத்தில் மாதரி மதுரைக்கு வெளியே பூங்கண் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் கவுந்தியடிகளையும் கண்ணகியையும் பார்க்கிறாள். நம் குமரி மாவட்டத்தில் சிதறால் மலைக்குப் போனால் பாறையில் தீர்த்தங்கரர்களோடு அம்பிகை யட்சியும் இருக்கிறாள். ஆய் மன்னன் வரகுணன் காலத்தில் குணந்தாங்கிக் குரத்தியார் என்ற சமணப் பெண்துறவி அங்கே தேவிக்குப் பொன்னணி கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அம்பிகையின் கதையும் கணவனால் விரட்டப்பட்டவளின் கதைதான்: துறவிக்குச் சோறு போட்டதற்காக இரண்டு பிள்ளைகளோடு துரத்தப்பட்டு, உயிர்விட்டு, தெய்வமாகிறாள். அவள் அவனைக் கொல்லவில்லை. அவன் அடுத்த பிறவியில் அவளைச் சுமக்கிற சிங்கமாகிறான். கையில் பிள்ளையோடு நிற்கும் இசக்கி உருவம் இந்த அம்பிகையிலிருந்து வந்தது என்பவர்கள் உண்டு. உருவத்தைப் பொறுத்தவரை அது எனக்குச் சம்மதம். கொலைக்கதையும் அங்கிருந்தே வந்தது என்று நீட்டினால் சம்மதமில்லை. பழைய யட்சியும், பழையனூர் நீலியும், ஊர் ஊராக அநியாயமாகச் செத்த பெண்களும் ஒரே பீடத்தில் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, ஏன் கும்பிடுகிறோம். நம் பக்கத்துத் தெய்வங்களில் கயிலாயத்தில் பிறந்து வந்தவை ஒரு வகை, இந்த மண்ணில் பிறந்து வெட்டுப்பட்டு, அடிபட்டுச் செத்து வாதையானவை, அதாவது அமைதியடையாத ஆவியாகித் தெய்வமானவை, இன்னொரு வகை. கர்ப்பிணியாக இருந்தபோது கொல்லப்பட்ட பொன்னிறத்தாள் இந்த இரண்டாம் வகை. இசக்கியும் கதைப்படி இதில்தான் வருகிறாள். இவர்களைக் கும்பிடுவதற்குக் காரணம் அவர்கள் கொன்றது அன்று. அவர்கள் கொல்லப்பட்டார்கள், ஊர் அதைத் தடுக்கவில்லை. அந்தக் கடனை வருடா வருடம் கொடையாக ஊர் கட்டுகிறது. 'கொடை' என்ற பெயரிலேயே விழா நடப்பதையும், வில்லுப்பாட்டில் அவள் செத்த விதத்தை ஒரு வரிகூட விடாமல் எல்லோர் முன்னிலையிலும் பாட வேண்டும் என்று கேட்பதையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். சாவைப் பாடும் கட்டத்தில்தான் சாமியாடிக்கு அருள் ஏறும். அவள் வந்து, தன் கதை சரியாகச் சொல்லப்பட்டதா என்று தானே கேட்டுக்கொள்கிறாள். பிறகு குறி சொல்கிறாள், பிள்ளை இல்லாதவளுக்குப் பிள்ளை தருகிறாள்.

அந்தப் பிள்ளை விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சபையில் அவள் காட்டியது பொய்க்குழந்தை, கள்ளிக்கொப்பு. சிலையில் அது நிஜக்குழந்தையாக அவள் கையில் இருக்கிறது. சில உருவங்களில் காலடியில் ஓர் ஆண் கிடக்கிறான், கையில் பிள்ளை சிரிக்கிறது. முதல் பிறவியில் அவளுக்குக் கிடைக்காமல் போன குடும்பத்தை, அவளுக்கு முன்னால் நிற்கிற மற்றப் பெண்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போது முப்பந்தலில் இறங்கிப் பாருங்கள், காற்றாலைகளுக்கு நடுவே அந்தக் கோயிலில் வரிசையில் நிற்பவர்களில் கைக்குழந்தைக்காரிகள் எத்தனை பேர் என்று. அங்கே ஒருத்திகூடக் கொலைகாரியைக் கும்பிட வந்ததாக நினைப்பதில்லை. அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறாள்.

சூசன்னாவுக்கு இந்த மாவட்டத்தில் உறவு தேடினால் நான் முப்பந்தலுக்குப் போக மாட்டேன், கடற்கரைக்குப் போவேன். குமரி பகவதி கதையை யோசித்துப் பாருங்கள். சுசீந்திரத்துத் தாணுமாலயனுக்கும் இவளுக்கும் நள்ளிரவில் முகூர்த்தம். கன்னி ஒருத்தியால்தான் பாணாசுரன் சாவான் என்பதால் இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது என்று தேவர்கள் முடிவுசெய்கிறார்கள், நாரதர் சேவலாகிக் கூவுகிறார். விடிந்துவிட்டது என்று மாப்பிள்ளை வழுக்கம்பாறையிலிருந்து திரும்பிப் போகிறார். சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிப் போயின, அந்த நிறத்து மணலைத்தான் கடற்கரையில் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். அவள் காத்திருந்தாள், யாரும் வரவில்லை. பிறகு அவள் அழகைக் கேள்விப்பட்டு வலுவில் மணக்க வந்த பாணாசுரனைக் கொல்கிறாள். விஜயதசமி அன்று குதிரை வாகனத்தில் மகாதானபுரம் வரை போய் இன்றும் பரிவேட்டையில் அவனைக் கொல்கிறாள். அன்புக்காகக் காத்திருந்தவள், வேண்டாத ஆண் வந்தபோது ஆயுதம் எடுத்தவள். சூசன்னாவின் ஐந்தாவது கணவனை நினைத்துக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள். ஒரு வித்தியாசம் பெரியது: பகவதி, வந்த மாப்பிள்ளையைக் கொல்லவில்லை, வராத மாப்பிள்ளைக்காகக் கன்னியாகவே நிற்கிறாள்.

படத்தின் முடிவைப் பற்றி உங்கள் தோழி வருத்தப்பட்டதாகவும் எழுதியிருந்தீர்கள், கன்னியர் மடத்தை இழிவுபடுத்திவிட்டார்கள் என்று. நம் மாவட்டத்தில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள், அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வீட்டில் கிடைக்காதது ஏழாவது இடத்தில் கிடைக்கிறது என்பதை அந்தப் பெண்ணின் கண்ணால் பார்த்தால் அது கேலி இல்லை. ஆனால் அங்கே எனக்கு ஒரு குறை உண்டு. செத்தவர்களுக்காகப் பேச அந்த முடிவில் யாருமில்லை. பாவமன்னிப்பு அவளுக்கும் கடவுளுக்கும் நடுவில் முடிந்துவிடுகிறது. பழையனூர்க் கதையில் நீலியின் பழி தீர்ந்த பிறகும் எழுபது பேர் வாக்குக்காகத் தீயில் இறங்க வேண்டியிருக்கிறது. கணக்கு அவ்வளவு சுலபமாக மூடுவதில்லை. கதையாக எனக்கு அதுதான் பெரியது.

இப்படிக் கொல்கிற பெண்ணுக்கு மனநோய் இருக்குமா என்றும் ஒரு வரி இருந்தது. அதை மனநல மருத்துவரிடம் கேளுங்கள், கதைப்பாட்டை வைத்து நோய் சொல்வது தப்பு. படத்தை வைத்துச் சொல்வதும் அப்படித்தான்.

கடைசியாக ஒன்று. இப்போது கொடைகளில் வில்லுப்பாட்டுக்கு ஒதுக்கும் நேரம் குறைந்துவருகிறது. நான் பார்த்தவரை, நேரமில்லை என்றால் முதலில் வெட்டுவது முதல் பிறவிக் கதையைத்தான். பழகைநல்லூர் போய்விடும், மண்குவியல் போய்விடும், கள்ளிக்குழந்தையிலிருந்து ஆரம்பிப்பார்கள். அப்படிக் கேட்கிற இளைஞருக்கு இசக்கி வெறும் பேய். காட்டுவழியில் சுண்ணாம்பு கேட்டு ஆளைக் கொல்லும் கள்ளியங்காட்டு நீலியாக மலையாளத்தில் அவளைச் சொல்வதும் அந்தப் பாதிக்கதையைத்தான். கள்ளியங்காடு நாகர்கோவிலை ஒட்டி இருக்கிற ஊர் என்பது அந்தக் கதையைக் கேட்டவர்களில் பலருக்குத் தெரியாது. உங்கள் ஆச்சி முழுக்கதை கேட்ட தலைமுறை. அவருக்கு எவ்வளவு பாட்டு நினைவிருக்கிறதோ, போனில் பதிவு செய்யுங்கள். எந்தக் கோயிலில், எந்தப் புலவர் பாடிக் கேட்டார் என்பதையும் மறக்காமல் அவர் வாயாலேயே சொல்லவைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் பக்கத்து ஊர்களில் செவ்வாய், வெள்ளி பார்த்துக் கொடை வரும். போகும்போது கோயில்காரர்களிடம் முன்கூட்டியே 'இசக்கி கதை முதலிலிருந்து வேண்டும்' என்று சொல்லிவையுங்கள். கேட்கிறவர்கள் இருந்தால் புலவர்கள் பாடத்தான் செய்கிறார்கள்.